பாறை திருப்பிக் கொடுத்த கூப்பாடுகள்

அடைக்கன் தன் மனைவி வீராயியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில், இடுப்பில் செருகிய அரிவாளும் தோளில் சுருட்டிப் போட்ட கயிறுமாக அவள் கடலைக்கொல்லை வரப்பில் ஏறி, மேற்கே கூப்பாட்டுப்பாறையைப் பார்த்து, ஒரு தடவைகூடத் திரும்பாமல் நடந்துபோனபோதுதான். துடைப்பம் கட்டுகிற சீமாற்றுப் புல் அறுக்கப் போனாள். முந்தின நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவள் தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு நான் வரமாட்டேன், போன விசேஷத்தில் என்னைப் பந்திக்குக் கூப்பிட ஒரு ஆள் வரவில்லை என்று அவர் சொல்லியிருந்தார், அவள் ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் தலை கருவேல மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும் அவர் கிணற்றடிக்குப் போய் ஆயில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பினார். அந்த வருஷம் மழை பிந்தியிருந்தது. அந்த இன்ஜின் ஓடினால் பக்கத்தில் ஆள் நின்று பேசினாலும் வாயசைவது மட்டும்தான் தெரியும். அது பொழுது சாயும்வரை ஓடியது.

வீடு திரும்பாதவள் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அவர் நினைத்தார். மறுநாள் ஆடு ஓட்டிப் போனவர்கள் பாறை உச்சியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். பாதி கட்டிய புல்லுக்கட்டு மேலே விளிம்பில் இருந்தது. அவள் கீழே, மேற்குச் சரிவு முடிகிற சரளையில் கிடந்தாள். வழுக்கி விழுந்தவள் என்றால் சத்தம் போட்டிருப்பாளே, ஒரு சத்தமும் கேட்கவில்லையே, அப்படியானால் அவளாகப் போனதுதான் என்று தும்பிச்சிப்பட்டி பேசிக்கொண்டது. அவளுடைய தம்பி வந்து, இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் செவந்தியைக் கையைப் பிடித்து மேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்தப் பிள்ளை, அம்மா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்று நம்பி வளர்ந்தது, பெரிய மனுஷி ஆனது, கட்டிக்கொடுக்கப்பட்டது, அப்பன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் தலைமுடியில் நரை கண்டது.

அடைக்கன் இன்ஜினை விற்றுவிட்டு மானாவாரி வெள்ளாமைக்கு வந்துவிட்டார். ஊருக்கு மழை பெய்தால் அவருக்கும் விளைந்தது. அவள் கத்தினாளா கத்தவில்லையா என்ற ஒன்றை மட்டும் அவர் சாப்பிடும்போதும் கடலை பிடுங்கும்போதும் உள்ளே புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

கூப்பாட்டுப்பாறை என்பது மலை இல்லை. நத்தத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் கரடு என்றுகூடச் சொல்லமாட்டார்கள். பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரே கல், நெஞ்சில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். அதன் கிழக்கே நின்று கூப்பிட்டால் குரல் தெளிவாகத் திரும்பி வரும். அதனால் மாடு தொலைத்தவனும் பிள்ளையைத் தேடுகிறவளும் அங்கே வந்துதான் கூப்பிடுவார்கள், பாறை அதை நாலு திசைக்கும் கொண்டுபோகும். அதற்கு ஒரு கதையும் இருந்தது. ஏழு அண்ணன்மார் வேட்டைக்குப் போனார்களாம், தனியாக இருந்த தங்கச்சி அவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கல்லானாளாம், கல்லான பிறகும் கூப்பிடுவதை விடவில்லையாம். அதனால் ஆடி மாதம் ஊர் முழுக்கப் பாறைக்குக் கிழக்கே கூடி நின்று, பொங்கல் வைத்து, கிடாய் வெட்டி, கடைசியில் ஆணும் பெண்ணும் ஒரே குரலாக "வர்றோம்... வர்றோம்..." என்று சத்தம் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வர்றோம் என்று சொல்லிவிட்டு ஏன் போவதில்லை என்று யாரும் கேட்டதில்லை, எல்லாச் சாமிக்கும் இப்படி ஏதாவது ஒரு முறை இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பாறையின் மேற்கடிக்கு மட்டும், பிணம் எடுக்கப் போனால் ஒழிய, யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். புல் அறுக்கிறவர்களும் மேல்விளிம்போடு திரும்பிவிடுவார்கள்.

அந்தப் பாறை ஒரு மாசி மாதத்துக் காலையில் யாரும் கூப்பிடாமலேயே பேச ஆரம்பித்தது.

முதலில் வந்தது ஒரு பெண்குரல். "ஏ கூத்தா... ஏ சடையா..." என்று கூப்பிட்டது. ஊரில் கூத்தன் என்றோ சடையன் என்றோ யாருக்கும் பெயர் இல்லை. ஆடு மேய்க்கிற பெண்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்று டீக்கடை நல்லியப்பன் வெளியே வந்து பார்த்தார். ஆடுகள் எல்லாம் பட்டியில்தான் இருந்தன. மறுநாள் ஒரு ஆண்குரல், அதற்கடுத்து நிறையக் குரல்கள். யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. நல்லியப்பன் கடையில் பெஞ்சை மேற்கே பார்க்கத் திருப்பிப் போட்டார், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைக் குரல் வராத நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், நத்தம் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று கேட்டுவிட்டுப் போனது. காதில் வைக்கப் பஞ்சு வேண்டும் என்று சிலர் கேட்டதால் மளிகைக்கடையில் பஞ்சு வந்து இறங்கியது. ஆனால் யாருக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து வாசலுக்கு வந்தான், களை எடுக்கிறவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள், கைக்குழந்தைகள் பாலை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பின.

பாறை பழசிலிருந்து புதுசுக்கு வருகிறது என்பது போகப் போகத்தான் விளங்கியது. நெல் மூட்டையைக் கவிழ்த்தால் அடியில் கிடந்தது மேலே வருவதுபோல, முதன்முதலில் அதைப் பார்த்துக் கூப்பிட்டவர்களின் கூப்பாடு முதலில் வந்தது. பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததால் முதலில் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபட்டபோது, பிடிபடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்தக் குரல்கள் தண்ணீர் கேட்டன. ஒரு வாய் தண்ணி, பிள்ளைக்காவது ஒரு வாய் என்று கேட்டன. வாந்திபேதி வந்தவர்களை ஊர் எல்லை தாண்டிப் பாறையின் மேற்கடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவர்கள் பாறையை இடையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குக் கிழக்கேயிருந்து பதிலும் போயிருக்கிறது. அந்தப் பதிலையும் பாறை திருப்பிக் கொடுத்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது மனப்பாடமான ராகம். "வர்றோம்... வர்றோம்..."

கூப்பிடுகிற குரல் நாளுக்கு நாள் குறைந்தது, பதில் சொல்கிற குரல் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு கூப்பிடுகிற குரல் நின்றது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆடிக்கும் "வர்றோம்" வந்தது. பாறை கொஞ்ச நாளில் ஒரு வருஷத்தைத் தாண்டியது என்பதால், ஊர் தன் அப்பன் பாட்டன்மார் சொன்ன வர்றோம் அத்தனையையும் வேலை செய்துகொண்டே கேட்க வேண்டியிருந்தது. ஏழு அண்ணன்மார் கதையைப் பிறகு யாரும் சொல்லவில்லை. கிடாய் வெட்டும் பாத்தியதை இருந்த குடும்பத்தார் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போனார்கள்.

ஊர்த் தலைமை பெரியகருப்பன் அம்பலத்திடம் இருந்தது. வர்றோம் என்று முதலில் சத்தம் கொடுத்து எடுக்கும் உரிமை அவர் குடும்பத்துக்குத்தான் தலைமுறை தலைமுறையாக இருந்தது. எல்லாக் குரலுக்கும் முன்னால் ஓடிவரும் அந்தக் கனத்த குரல் தன் வீட்டு ஆள்களுடையது என்று ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் நத்தத்திலிருந்து ஆள் வரவழைத்துக் கோயில் வேம்பில் நாலு ஒலிபெருக்கிக் குழாய்களைப் பாறையைப் பார்க்கக் கட்டச் சொன்னார். காலை விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அம்மன் பாட்டு ஓடியது. பாட்டு நிற்கிற இடைவெளியில் மட்டும் பாறை பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது, அது முழுதாகக் கேட்பதைவிட மோசமாக இருந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்துபோனது. குழாய் வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், கேட்க வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம். அடைக்கன் எந்தக் கூட்டத்திலும் போய்ப் பேசாத ஆள். ஆனால் அந்தக் குழாய்ச் சத்தம் அவர் காதில் வேறு ஒன்றாக விழுந்தது. டுப் டுப் டுப் என்று ஒரு இன்ஜின் ஓடுகிறது, அதற்குப் பின்னால் யாரோ வாயசைக்கிறார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்பலம் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மாமா, குழாயை நிப்பாட்டச் சொல்லுங்க."

அம்பலம் சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. "நிப்பாட்டுனா என்ன கேக்கும்னு ஒனக்குத் தெரியும்லடா அடைக்கா. எம் பேரன் பேத்தியெல்லாம் உக்காந்து கேக்குதுக. எம் பாட்டன் குரலுடா அது."

"ஒங்க பாட்டன் குரல் வந்துட்டுப் போயிருச்சு மாமா. எம் பொண்டாட்டி இன்னும் வரலை."

அம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டும் நிற்கவில்லை. அடைக்கன் அன்றைக்கு வரப்புகளில் சும்மா நடந்தார், கிணற்றைச் சுற்றினார், பாறைக்கு எதிரே போய் நின்றார், திரும்பினார். செருப்பு அறுந்தது.

குழாயை நிறுத்தியது கடைசியில் அம்பலம்தான். பங்குனி வெயிலில் ஒரு நாள், ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குவதற்குள், பாறையிலிருந்து ஒரு பெண்குரல் "ஏங்க..." என்றது. கொஞ்சம் சிரிப்பு கலந்த குரல். இங்கே வாங்களேன், ஒன்று காட்டுகிறேன் என்பதுபோல. அடுத்த பாட்டு வந்து அதை மூடியது. அம்பலம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தானே கோயில் வரை ஓடி, வயரைப் பிடுங்கிப் போட்டு, வேம்படியில் மூச்சு வாங்க நின்றார். அவர் மனைவி இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் அந்தப் பாறையின் கிழக்கடியில் சுனைத் தண்ணீருக்குப் போவாள்.

"எம் பொண்டாட்டி" என்றார் அம்பலம், ஓடி வந்தவர்களிடம்.

நல்லியப்பன் டீ வடிகட்டியோடு வந்திருந்தார். அவருக்கும் மனைவி இல்லை. அவர் அம்பலத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது தன் வீட்டுக்காரி குரல் என்றார். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேர் தங்களுடையது என்று கிளம்பி வந்தார்கள். அங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. எந்த ஊரிலும் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், தும்பிச்சிப்பட்டியில் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அடுப்பங்கரையில்கூடச் சொல்ல மாட்டாள். அத்தனை பேரும் ஏங்க, இந்தாங்க, மாமா என்றே கூப்பிட்டு வாழ்ந்து செத்திருந்தார்கள். இப்போது ஒரு குரல் ஏங்க என்கிறது, எந்தப் புருஷனுக்கும் அது தன்னுடையது இல்லை என்று சொல்ல வாயில்லை. இத்தனை நாள் மரியாதை என்று நினைத்திருந்தது இப்படி வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும். நல்லியப்பனும் அம்பலமும் டீக்கடையில் உட்கார்ந்து பொழுதுக்கும் வழக்காடினார்கள்.

"எவ்வீட்டுக்காரி ஏங்கன்னா அந்த ஏவுல ஒரு இழுப்பு இருக்கும் அம்பலம்."

"இழுப்பு இருக்கத்தான் செய்யும். நீ கடன் வாங்குனவனாட்டம் ஒளிஞ்சு ஒளிஞ்சு போனா அவ இழுத்துத்தான கூப்புடணும்."

புருஷன் உயிரோடு இருந்த பெண்களுக்குச் சங்கடம் வேறு வகையில் வந்தது. மாமியார் செத்து நிம்மதியாக இருந்த ஒருத்தி, "ஏ மூதி, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா" என்று பாறையிலிருந்து வந்த அதட்டலுக்குக் கையிலிருந்த குழம்புச் சட்டியைப் போட்டுவிட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள். மாடே இல்லாத தொழுவம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மூக்கன், இளவட்டக் குரலில் ராசாத்தி என்ற ஒருத்தியைக் குளக்கரைக்கு வரச் சொல்லியது ஊர் முழுக்கக் கேட்டது. அவர் மனைவிக்குப் பெயர் ராசாத்தி இல்லை. அவர் கொஞ்ச காலம் நல்லியப்பன் கடையிலேயே சாப்பிட்டார்.

நல்லியப்பன் ஒரு தடவை அடைக்கனிடம், ஒம் பொண்டாட்டி ஒன்ன எப்படிக் கூப்புடும் என்று கேட்டார். அடைக்கன் டீயைக் குடித்துவிட்டு மறந்துபோச்சு என்றார். மறக்கவில்லை. வீராயி அவரை ஏங்க என்றும் மாமா என்றும் கூப்பிட்டதே இல்லை, அவளுக்கு அது கூச்சம். மகள் பிறந்த பிறகு அவள் மகள் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள். சோற்றுச் சட்டியோடு வரப்பில் நின்று "செவந்தீ" என்பாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாக இருக்கும், அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார். அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த வழக்கம். பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

சித்திரை பிறந்தது. ஊருக்கு முதன்முதல் பஸ் வந்த அன்று பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து போட்ட "பஸ்ஸு வந்துருச்சு" என்ற கூச்சல் பாறையிலிருந்து திரும்பி வந்தபோது, கேட்டவர்கள் சிரித்தார்கள், அப்போது கத்திய பிள்ளைகளில் சிலர் பேரன் எடுத்திருந்தார்கள். அடைக்கன் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த பஸ் வந்தது வீராயி போன வருஷத்துப் புரட்டாசியில். அடுத்து ஐப்பசி.

மேலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் செவந்தி தையல் கடை வைத்திருந்தாள். அவர் போனபோது ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள், அளவு கொடுக்க வந்தவர்களிடம் சொல்வதுபோல. மெஷினை நிறுத்தவில்லை. அவர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். பாறை பேசுவது மேலூர்வரை தெரிந்த சங்கதிதான், அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"ஆத்தா கத்துனாளா இல்லையான்னு கேக்க வரச் சொல்றீங்க" என்றாள். "கத்தலைன்னா அவளாப் போயிருக்கா. கத்துனான்னா நீங்க போகலை. இதுல எதை நான் வந்து கேக்கணும்?"

இத்தனை வருஷமாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்ததை இப்படி இரண்டு பக்கமும் பிரித்து யாரும் அவர் முன்னால் வைத்ததில்லை.

"எனக்கும் தெரியலத்தா. தனியாக் கேக்கப் பயமா இருக்கு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த ஜாக்கெட்டை எடுத்தாள். அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

அந்த நாள் எது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் பொழுது சாய்கையில் வந்த கூப்பாடுகளை வைத்துப் பெண்கள் கணக்குச் சொல்லிவிட்டார்கள். காலையில் யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராகச் சத்தத்தை அடக்கினார்கள். நல்லியப்பன் சீறுகிற அடுப்பை அணைத்தார். மாடுகளின் கழுத்துமணிக்குள் வைக்கோலைத் திணித்தார்கள். அம்பலம் தன் வீட்டு மோட்டாரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாறைக்குக் கிழக்கே வந்து ஒதுங்கி நின்றார். சத்தம் போடவே பிறந்த ஊர் அன்றைக்கு ஒரு ஆளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் பஸ்ஸில் செவந்தி வந்து இறங்கினாள். தோளில் பையோடு, வீட்டுப் பக்கம் போகாமல், நேராகக் கடலைக்கொல்லை வரப்புக்கு வந்து அப்பனை விட்டு எட்டி நின்றாள்.

முதலில் வந்தது இன்ஜின். கூப்பாட்டைத் தவிர வேறெதையும் தராத பாறை அன்று அதைத் தந்தது. டுப் டுப் டுப். அடைக்கன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவையும் அது மூடிவிடும் என்று நினைத்தார். ஆனால் இன்ஜின் எங்கோ தூரத்தில் ஓடியது, கல்லுக்கு அந்தப் பக்கம் ஓடியது. அவர் அன்று கிணற்றடியில் நின்று கேட்டதுபோல இல்லை. பாறை தான் இருந்த இடத்தில் இருந்து கேட்டதைத் தந்தது. அதற்கு இன்ஜின் தூரம், வீராயி பக்கம்.

"செவந்தீ..." என்றது குரல். "ஏ செவந்தீ... விழுந்துட்டேன்... எந்திரிக்க முடியல..."

வலியில் கூப்பிடுகிற குரல்தான், ஆனால் நம்பிக்கையாகக் கூப்பிடுகிற குரல். யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவள் வழி தவறாமல் வரச் சத்தம் காட்டுவதுபோல இருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி கூப்பிட்டது. மறுபடி. ஊர் அதைக் கேட்டது. அவளாகப் போனாள் என்று சொன்னவர்களில் உயிரோடு இருந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். பின்னால் நின்ற யாரோ ஒருத்தர், என்ன செய்கிறோம் என்று தெரியாமல், பழகிய வாயால் "வர்றோம்" என்றார். உடனே கூட்டம் முழுக்க அதை எடுத்துக்கொண்டது. "வர்றோம்... வர்றோம்..." என்று சத்தம் எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அவரவர் காதில் விழுந்து, பாதியில் அறுந்தது.

செவந்தி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள். பாறையைச் சுற்றி, தடமே இல்லாத முள்ளுக்குள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேற்கே போனாள். அடைக்கன் எழுந்து அவள் பின்னால் போனார். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் சரளை நொறுங்குகிற சத்தம் கேட்டது. அம்பலம் கைத்தடியால் கருவேலங்கிளையை ஒதுக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நல்லியப்பன், அவருக்குப் பின்னால் பெண்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மேற்கடியில் ஒன்றும் இல்லை. சரளை, காய்ந்த புல், தரையோடு தரையாகப் புதைந்த சில மண்கலயத் துண்டுகள். குரல் அங்கே மேலேயிருந்தும் வரவில்லை, கீழேயிருந்தும் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதுபோல இருந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய்க் கடைசியில் பெயர் மட்டும் நின்றது. வெயில் சாயச் சாய அதுவும் மெலிந்தது. செவந்தி அந்தச் சரளையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை பெயர் வரும்போதும், "இந்தா இருக்கேன்த்தா" என்று முணுமுணுத்தாள்.

"அய்யா" என்றாள் பிறகு. அவள் அவரை அப்படிக் கூப்பிட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. "ஆத்தா என்னயத்தான கூப்புட்டுச்சு?"

அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்பது வீராயிக்குத் தெரியும், பள்ளிக்கூடம் அந்தக் குரல் எட்டாத தூரத்தில் இருந்தது. எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வரப்பில் சோற்றுச் சட்டியோடு நின்று கூப்பிட்ட அதே இழுப்பு, அதே இறக்கம், கோபத்தில் பேசாமல் போனவள் விழுந்த பிறகு கோபத்தை விட்டுவிட்டுக் கூப்பிட்ட கூப்பாடு. இத்தனை வருஷமாக அவர் கேட்க ஆசைப்பட்டதும் பயந்ததும் அதுதான், அது முழுதாக அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரிலும் அவர் ஒருத்தருக்கு மட்டும் அது தெரியும். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னயத்தான்த்தா" என்றார்.

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் பதில் சொல்ல நினைத்தார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் அது யாருக்கான கூப்பாடு என்று மகளுக்குத் தெரிந்துபோகும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பொழுது இறங்குவதற்கு முன்னால் குரல் நின்றது. இன்ஜின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அதுவும் நின்றது.

பாறை அதோடு விடவில்லை. கரண்டு வந்த வருஷம், வெள்ளம் வந்த வருஷம், ஊரை விட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களைப் பெற்றவர்கள் பஸ் மறைந்த பிறகும் கூப்பிட்ட கூப்பாடு என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தது. ஆனால் இப்போது குரல் வந்ததும் அதற்கு உரியவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு மேற்கடிக்குப் போனார்கள். போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். யாருடையது என்று தெரியாத அந்த ஏங்க என்ற குரலுக்காக அம்பலமும் நல்லியப்பனும் சேர்ந்தே போனார்கள், போகும் வழியிலும் வழக்காடினார்கள். மூக்கன் தொலைந்துபோன தன் காளைக்காகப் போனார், அது செத்து எலும்பும் இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. கூத்தனையும் சடையனையும் கூப்பிட்டவளுக்காக யார் போவது என்ற பேச்சு வந்தபோது, யாரோ ஏற்கெனவே ஒரு குடம் தண்ணீரை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஊரில் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்த கால்கள் எல்லாம் அந்த ஒரு பக்கமே நடந்தன.

ஆடி நெருங்குகையில் பாறை முந்தின மாதத்துக்கு வந்தது, பிறகு நேற்றுக்கு வந்தது. ஒரு மத்தியானம், ஆட்டைக் கூப்பிட்ட ஒரு பெண்ணின் குரலை அவள் வாய் மூடுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டது. அந்த ஆடிக்கு யாரும் சத்தம் கொடுக்கவில்லை. செவந்தி வந்திருந்தாள். அப்பன் வீட்டில் அடுப்பு மூட்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் கூடுதல் என்றார். அவள், ஒங்களுக்கு வச்சுப் பழக்கம் இல்லையே என்றாள்.

இப்போது கூப்பாட்டுப்பாறைக்கு எதிரே நின்று யார் என்ன கூப்பிட்டாலும் குரல் திரும்பி வருவதில்லை. மேற்கடிக்குப் போகிற தடம் ஒன்று இருக்கிறது, ஒரு ஆள் போகிற அகலம். ஆடுகள் அந்த வழியாகத்தான் போகின்றன.